காதை விட்டுவிட்டு எழுதிய கோட்பாடுகள்

ஆட்டிசத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழக்கத்தில் இருக்கு. ஒன்று மதியிறுக்கம். மற்றது அரசுக் காகிதங்களில் வரும் பெயர்: புற உலகச் சிந்தனையற்றோர். முதல் பெயரில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. இரண்டாவதைத்தான் கொஞ்ச நாளாக உருட்டிக்கொண்டிருக்கிறேன். வெளியுலகம் என்கிற நினைப்பே இல்லாதவர் என்று ஒரு பிள்ளைக்குச் சான்றிதழில் எழுதிக் கொடுத்தால், அந்தப் பிள்ளையைப் பற்றி நாம் என்ன சொல்கிறோம்?

இந்தப் பெயரைத் தமிழதிகாரி யாரோ உட்கார்ந்து உண்டாக்கியதாக நினைக்க வேண்டாம். மூலச் சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. கிரேக்க மொழியில் 'ஆட்டோஸ்' என்றால் 'தான்'. சுவிஸ் மனநல மருத்துவர் யூஜென் ப்ளாய்லர் 1911 வாக்கில் மனச்சிதைவு நோயாளிகளைப் பற்றி எழுதும்போது, அவர்கள் வெளியுலகத்தை விட்டுத் தனக்குள் போய்விடுவதைக் குறிக்க இந்தச் சொல்லை ஆக்கினார். 1943-ல் அமெரிக்காவின் பால்ட்டிமோரில் லியோ கேனர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு அந்தச் சொல்லைக் கடன் வாங்கினார். பழைய சட்டையைப் புதுப் பிள்ளைக்குப் போட்ட மாதிரி. தமிழ்ப் பெயர் அந்தச் சட்டையின் அளவைத்தான் எடுத்திருக்கிறது, பிள்ளையின் அளவை அல்ல.

இந்தக் கோட்பாடுகளை நான் படிக்கிற இடத்தைச் சொல்லிவிடணும். எங்க ஊர் அச்சங்குளம். சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம். வெடி செய்கிற ஊர். மற்ற ஊர்களில் வெடிச் சத்தம் வருஷத்துக்கு ஒரு பண்டிகை. இங்கே அப்படி இல்லை. 2021 பிப்ரவரி 12-ம் தேதி மதியம் இங்கே நடந்த வெடிவிபத்தில் இருபது உயிருக்கு மேல் போச்சு. அதற்கப்புறம் எதிர்பாராத நேரத்தில் ஒரு சத்தம் கேட்டால் ஊரே ஒரு நொடி நின்றுவிட்டு, எந்தத் திசை, புகை தெரியுதா என்று பார்க்கும். எங்கள் தெருவில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருத்தன் இருக்கிறான், ஒன்பது வயசு. அவனும் காதைப் பொத்துவான். ஆக, ஒரு கோட்பாடு ஆட்டிசத்தை விளக்குகிறேன் என்று வந்தால் நான் அதனிடம் முதலில் கேட்பது, 'சத்தத்தைப் பற்றி என்ன சொல்றே?' பெரும்பாலானவை ஒன்றும் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

கேனர் சொல்லியிருந்தார் என்பதுதான் வேடிக்கை. அந்த 1943 கட்டுரையை முழுசாகப் படித்தவர்கள் குறைவு போல. அதில் இருந்து 'தனிமை', 'மாறாமை மேல் பிடிவாதம்' என்ற இரண்டைத்தான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் குழந்தைகள் லிஃப்ட், தூசி உறிஞ்சும் இயந்திரம், குழாய்த் தண்ணீர், எரிவாயு அடுப்பு, சில சமயம் காற்றுக்குக்கூட மிரண்டதை அவர் வரிசையாகச் சொல்கிறார். அதைவிட முக்கியமாக இன்னொன்றும் சொல்கிறார். சத்தம்தான் பயம் என்று இல்லை. தன் மேல் வந்து விழுகிற சத்தம்தான் பயம். அதே அளவு சத்தத்தை அந்தப் பிள்ளையே சந்தோஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் என்கிறார். இந்த ஒரு கவனிப்பில் ஒரு கோட்பாடே அடங்கியிருக்கிறது. அதை எடுத்து வளர்க்க எழுபது வருஷம் ஆச்சு. அமெரிக்க மனநல சங்கத்தின் டிஎஸ்எம் கையேட்டின் நான்காம் பதிப்பில் (1994) ஆட்டிசத்துக்கான அளவுகோல்களில் புலன் உணர்வுகளுக்குத் தனி இடம் கிடையாது. 2013-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவது ஓர் அடையாளமாகச் சேர்ந்தது.

நடுவில் என்ன நடந்தது? முதலில் அம்மாக்களைத் திட்டினார்கள். கேனரே பெற்றோர்களில் பலர் பாசத்தை வெளியே காட்டாதவர்கள் என்று எழுதி வைத்திருந்தார். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் வெளியிட்ட புத்தகத்தில் அதை முழுக் கோட்பாடாக ஆக்கினார். தாய் மனதளவில் குழந்தையை வேண்டாமென்று ஒதுக்கியதால்தான் குழந்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது என்று. 'குளிர்சாதனப் பெட்டி அம்மா' என்கிற பேர் அந்தக் காலத்தில் ஓடியது. பெட்டல்ஹைம் நாஜி வதை முகாம்களில் இருந்து மீண்டவர். அந்த முகாம் கைதிகளையும் இந்தக் குழந்தைகளையும் ஒப்பிட்டார் என்றால், அம்மாக்கள் யார் இடத்தில் நிற்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1964-லேயே பெர்னார்ட் ரிம்லாண்ட் இது மூளை, உடல் சார்ந்த விஷயம் என்று வாதாடிவிட்டார். அவரே ஆட்டிசம் உள்ள பையனுக்கு அப்பா. 1977-ல் சூசன் ஃபோல்ஸ்டீனும் மைக்கேல் ரட்டரும் 21 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவில் இருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம். தனித்தனிக் கருவாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. வளர்த்தவள் ஒருத்திதானே இரண்டு ஜோடியிலும்? அதோடு கதை முடிந்திருக்கணும்.

முடியவில்லை. அது வேறு உடுப்பில் எங்க ஊருக்கு வந்து சேர்ந்திருக்கு. அந்தப் பையனுடைய அம்மாவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அவங்க சொன்னது: "போனைக் குடுத்து நாந்தான் கெடுத்துட்டேனாம். எங்க மாமியா சொல்றாக, பக்கத்து வீட்ல சொல்றாக, ஒரு டாக்டரும் அதையேதான் சொன்னாரு. ஒன்றரை வயசுலயே கூப்பிட்டா திரும்ப மாட்டான். அப்ப எங்க வீட்ல டச் போனே இல்ல." இதற்கு இப்போது 'விர்ச்சுவல் ஆட்டிசம்' என்று ஒரு பேரும் வைத்து வீடியோ வீடியோவாக வருகிறது. டிஎஸ்எம்-5-லும் சரி, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11-லும் சரி, அப்படி ஒரு நோயறிதலே கிடையாது. சின்னப் பிள்ளைக்குப் போன் அதிகம் கொடுத்தால் பேச்சு தாமதப்படலாம், குறைப்பது நல்லதுதான், அதை யாரும் மறுக்கலை. ஆனால் அந்த ஒரு யோசனையைத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டிசத்துக்கே காரணம் ஆக்கினால், குளிர்சாதனப் பெட்டி இருந்த இடத்தில் செல்போன் வந்து உட்கார்கிறது. குற்றவாளி மாறவில்லை. அன்றும் அம்மா, இன்றும் அம்மா. காலையில் தீப்பெட்டி ஆபீசுக்கோ வெடி வேலைக்கோ போய்விட்டுப் பொழுது சாய வீட்டுக்கு வருகிறவளிடம் 'நீ பிள்ளையோட பேசல' என்பது என்ன நியாயம்?

அடுத்து வந்தது 'பிறர் மனம் அறிதல்'. 1985-ல் லண்டனில் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் மூவரும் ஒரு பொம்மை நாடகம் போட்டார்கள். சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கிறாள். சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள்? கூடையில் என்று சொன்னால் பாஸ். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் நோய்க்குறி உள்ளவர்களும் மற்றப் பிள்ளைகளும் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். சோதனை அழகானது. அதில் இருந்து இழுத்த முடிவுதான் நீளம். நாலு பேர் பாஸ் பண்ணினார்களே, அவர்களுக்கு ஆட்டிசம் இல்லையா? 1995-ல் ஆஸ்திரேலியாவில் பீட்டர்சனும் சீகலும் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்த, காது கேளாத பிள்ளைகளிடம் இதே மாதிரிச் சோதனை செய்தபோது அவர்களும் நிறையப் பேர் தவறினார்கள். அப்படியானால் இந்தச் சோதனை அளப்பதில் ஒரு பங்கு, மனசைப் பற்றிய பேச்சில் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு காலம் இடம் கிடைத்தது என்பது. நம் வீடுகளில் பேசாத பிள்ளையிடம் யாரும் பேசுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கணும். சத்தத்தைப் பற்றி இந்தக் கோட்பாடு என்ன சொல்கிறது? ஒன்றும் இல்லை. சாலி எங்கே தேடுவாள் என்று தெரியாததால் ஒருத்தன் குக்கர் விசிலுக்கு ஓடுவானா?

இப்போது நம்ம ஆளிடம் வருவோம். வி.எஸ். ராமச்சந்திரன் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர், சான் டியேகோவில் பேராசிரியர். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலியை ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்துக் குறைத்துக் காட்டிய மனிதர். எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு, அதனால்தான் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன். தமிழில் மூளை பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரு முறையாவது அவரைத் தொட்டிருப்பார்கள், அப்படித் தொடும்போது ஆட்டிசம் என்றால் 'உடைந்த கண்ணாடி' என்று ஒரு வரி வந்துவிடும்.

1990-களின் தொடக்கத்தில் இத்தாலியின் பார்மாவில் ரிசோலாட்டியின் குழு குரங்கு மூளையில் ஒரு வகை நரம்பணுக்களைக் கண்டது. குரங்கு தானே ஒரு பொருளை எடுத்தாலும் அவை துடிக்கும், வேறொருவர் எடுப்பதைப் பார்த்தாலும் துடிக்கும். கண்ணாடி நரம்பணுக்கள் என்று பெயர் வந்தது. ராமச்சந்திரன் இவற்றின் மேல் பெரிய நம்பிக்கை வைத்தார். உயிரியலுக்கு டிஎன்ஏ செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்கிற அளவுக்கு. 2005-ல் லிண்ட்சே ஓபர்மனும் அவரும் மற்றவர்களும் ஆட்டிசம் உள்ள 10 பேரின் தலையில் மின்முனைகளை வைத்து 'மியூ' என்னும் அலையைப் பார்த்தார்கள். நாம் கையை அசைத்தாலும், அடுத்தவர் கை அசைவதைப் பார்த்தாலும் இந்த அலை தணியும். அந்தப் பத்துப் பேருக்குச் சொந்தக் கை அசையும்போது தணிந்தது, அடுத்தவர் கையைப் பார்க்கும்போது தணியவில்லை. 2006 நவம்பரில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் கட்டுரை. உடைந்த கண்ணாடி உலகம் முழுக்கப் பரவியது.

பத்துப் பேர். எல்லாரும் ஆண்கள், வயது 6 முதல் 47 வரை. இதை ஒரு தொடக்கம் என்று சொல்லலாம், விளக்கம் என்று சொல்ல முடியாது. 2008-ல் ஓபர்மனும் ராமச்சந்திரனும் இன்னொரு ஆய்வு செய்தார்கள். இந்த முறை முன்பின் தெரியாதவர் கையோடு, பிள்ளைக்குப் பழக்கமானவர்களின் கையையும் காட்டினார்கள். பழகிய கை என்றதும் அலை தணிந்தது! என்னைக் கேட்டால் அவர் ஆட்டிசத்தைப் பற்றிச் செய்ததிலேயே நல்ல ஆய்வு இதுதான். தன் கோட்பாட்டையே ஆட்டிப் பார்த்த ஆய்வு. அம்மா கையைக் காட்டுகிற கண்ணாடி, அந்நியன் கையைக் காட்டவில்லை என்றால் கண்ணாடி உடையவில்லை; யாரைப் பார்ப்பது என்பதில்தான் ஏதோ இருக்கிறது. ஆனால் முதல் கட்டுரைக்குக் கிடைத்த வெளிச்சம் இதற்குக் கிடைக்கவில்லை. 2010-ல் தைவானில் ஒரு குழுவுக்கு ஆட்டிசம் உள்ளவர்களிடமும் மியூ அலை ஒழுங்காகத் தணிவது தெரிந்தது. அதே வருஷம் டின்ஸ்டீன் குழு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கை அசைவுக்கு மூளை இயல்பாகவே எதிர்வினை காட்டுகிறது என்றது. 2013-ல் அந்தோனியா ஹாமில்டன் 25 ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு, உடைந்த கண்ணாடிக்கு ஆதாரம் போதாது என்று எழுதினார். போதாக்குறைக்கு, இந்த மியூ அலையே கவனம் கூடிக் குறைவதற்கு ஏற்ப ஆடுகிற ஆல்ஃபா அலையோடு எளிதாகக் குழம்பிவிடும் என்று 2016-ல் ஹாப்சனும் பிஷப்பும் காட்டினார்கள்.

சத்தம்? கண்ணாடி நரம்பணுக்கள் இதை விளக்காது என்பது ராமச்சந்திரனுக்கே தெரியும். அதனால் அந்த 2006 கட்டுரையிலேயே இரண்டாவதாக ஒரு கோட்பாட்டையும் வைத்தார்: எந்தப் பொருள் எவ்வளவு முக்கியம் என்று மூளை வரைந்து வைக்கிற வரைபடம் ஆட்டிசத்தில் மாறிப்போயிருக்கு, சாதாரணமானது பெரிசாகத் தெரிகிறது என்று. தோலின் வியர்வை மின்கடத்தலை அளந்து 2001-லேயே அவர் குழு இதைத் தொட்டிருந்தது. எனக்கு முதலாவதைவிட இது பிடிக்கும். ஆனால் 'உடைந்த கண்ணாடி' மாதிரி நாக்கில் ஒட்டுகிற பேர் அதற்குக் கிடைக்கவில்லை. இங்கே பெயர்தான் ஜெயிக்குது, எப்பவும். அந்தப் பெயர் வீட்டுக்குள் வரும்போது 'இவனுக்குப் பாசமே தெரியாது' என்றாகிவிடுகிறது. மதினிக்குக் காய்ச்சல் என்றால் கட்டிலை விட்டு நகராத பையனைப் பற்றி.

ஊட்டா ஃப்ரித் 1989-ல் சொன்ன இன்னொன்றை வேகமாகக் கடக்கிறேன். ஆட்டிசத்தில் முழுமையைவிடப் பகுதி முன்னால் நிற்கிறது என்பது அது. சிவகாசி அச்சுக்காரருக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நாம் தீப்பெட்டி லேபிளில் படத்தைப் பார்ப்போம், அந்தப் பையன் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ரிஜிஸ்டர் விலகி இருப்பதைப் பார்ப்பான். நூறு லேபிளில் அந்த ஒன்றைத் தனியாக எடுத்து வைப்பான். இதைக் 'குறைபாடு' என்று முதலில் எழுதியவர்கள் பிறகு 'பாணி' என்று திருத்திக்கொண்டது நல்லது.

சத்தத்தை நேராக எதிர்கொண்ட கோட்பாடு 2014-ல் வந்தது. டெல்லியில் படித்து எம்ஐடி போன பவன் சின்ஹா. பார்வை இல்லாத இந்தியக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, அதன் வழியே மூளை எப்படிப் பார்க்கக் கற்கிறது என்று ஆராய்ந்த 'ப்ரகாஷ்' திட்டத்தை நடத்துகிறவர். அவர் குழுவின் வாதம்: ஆட்டிசத்தில் அடுத்து என்ன வரும் என்று மூளை முன்கூட்டி ஊகிப்பது பலவீனமாக இருக்கிறது. ஊகிக்க முடியாவிட்டால் ஒவ்வொரு சத்தமும் முதல் சத்தம்தான். மின்விசிறி ஓசை நமக்குப் பத்து நிமிஷத்தில் மறைந்துவிடும், அவர்களுக்கு மறையாது. வழக்கம் மாறாமல் இருக்கணும் என்ற பிடிவாதம், உடம்பை ஆட்டிக்கொண்டே இருப்பது எல்லாம் உலகத்தைக் கொஞ்சமாவது ஊகிக்கக்கூடியதாக ஆக்குகிற வழி. பிள்ளை தானே போடும் சத்தம் பயமில்லை என்று கேனர் கண்டதும் இதில் சரியாகப் பொருந்துகிறது.

பொருந்துகிறதா என்று எங்க தெருவில் வைத்துப் பார்த்தேன். 2018 அக்டோபர் 23 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடிக்கிற நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று ஆனது. ஊரில் இதைச் சபிக்காத ஆள் இல்லை, எங்க பிழைப்பு அது. ஆனால் அந்தப் பையனுக்கு அந்த அறிவிப்பு ஒரு வரம். கடிகாரத்தைப் பார்த்து ஆறே முக்காலுக்கே உள்ளறைக்குப் போய் இரண்டு காதையும் பொத்தி உட்கார்ந்துவிடுவான். எட்டு மணிக்கு வெளியே வருவான். அழுகை இல்லை. ஒன்பதரைக்கு யாராவது ஒரு அணுகுண்டு போட்டால் மட்டும் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

சின்ஹாவுக்கு இது சாதகம் என்று தோன்றும். நான் இங்கேதான் தயங்குகிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எந்த வெடி எப்போது வெடிக்கும் என்று அவனுக்கோ எனக்கோ தெரியாது. வெடிவெடியாகப் பார்த்தால் முழுக்கக் குழப்பம்; மணிக்கணக்கில் பார்த்தால் முழு ஒழுங்கு. அவனுக்கு மணிக்கணக்கு போதுமாக இருக்கிறது. அப்படியென்றால் ஊகம் பலவீனம் என்பது எந்தக் கால அளவில்? நொடியிலா, நாளிலா? இதைப் பிரித்துச் சொல்லாதவரை இந்தக் கோட்பாடு எதையும் விளக்கிவிடும், எதிலும் தோற்காது. எதிலும் தோற்காத கோட்பாட்டின் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. 'ஒரு மணி நேரம் தாங்கணும்' என்று முடிவெல்லை தெரிவதுதான் அவனுக்கு உதவுகிறது, ஊகமே இல்லை என்றுகூட ஒருவர் வாதாடலாம். இன்னொன்று, சட்டப்படி ஒரு வெடி நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் வரை போகலாம். அந்த அளவில் வலி என்பது ஊகத்தின் பிரச்சினை மட்டுமா? காதின் பிரச்சினையும்தான்.

2012-ல் டேமியன் மில்ட்டன் என்ற, தானே ஆட்டிசம் உள்ள ஆய்வாளர், கேள்வியையே திருப்பிப் போட்டார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர்களுக்கு நம்மைப் புரியலை, நமக்கும் அவர்களைப் புரியலை, குறைபாடு என்ற முத்திரை மட்டும் ஒரு பக்கம் ஏன்? 2020-ல் கேத்தரின் கிராம்ப்டன் குழு 72 பேரை எட்டெட்டுப் பேராகச் சங்கிலி ஆக்கி, காதோடு காது கதை கடத்துகிற நம்ம விளையாட்டையே ஆடவிட்டது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியில் கதை மற்றவர்கள் சங்கிலி அளவுக்கே சேதமில்லாமல் போனது. கலந்த சங்கிலியில்தான் உதிர்ந்தது. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே குழு 2025-ல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துத் திரும்பச் செய்தபோது மூன்று வகைச் சங்கிலிகளிலும் வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே காட்டவேண்டும். மில்ட்டன் தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. புரியாமை என்பது கதை கடத்துவதில் இல்லாமல், பழகுவதிலும் பிடித்துப்போவதிலும் இருக்கலாம். எனக்குப் பிடித்த கோட்பாடு என்பதற்காக உடைந்த கண்ணாடிக்குக் காட்டாத சலுகையை இதற்குக் காட்ட முடியாது.

இந்தக் கோட்பாடுகள் எல்லாம் கடைசியில் வந்து விழுகிற இடம் ஒரு படிவம். ஆட்டிசம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. சான்றிதழுக்கு 'ஐசா' என்ற இந்திய அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. கூட்டுத்தொகை 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 153-க்கு மேல் என்றால் தீவிரம். இதை நான் குறை சொல்ல நினைத்துத்தான் எடுத்துப் பார்த்தேன், ஆனால் ஒரு விஷயத்தில் பாராட்டணும். டிஎஸ்எம்-5 வருவதற்கு முன்பே உருவான இந்த அளவுகோலில் புலன் உணர்வுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. 40-ல் 6 கேள்வி. புற உலகச் சிந்தனையற்றோர் என்று பேர் வைத்த அரசாங்கமே, புற உலகம் எவ்வளவு உறைக்குது என்று கேட்கிற படிவத்தையும் வைத்திருக்கு!

குறை வேறு இடத்தில். ஒவ்வொரு கேள்விக்கும் எத்தனை தடவை, எவ்வளவு கடுமை என்றுதான் எண் போட முடியும். எந்த நேரம், யார் போட்ட சத்தம், முன்னாலேயே சொன்னோமா இல்லையா என்பதற்கு இடம் கிடையாது. மதினி முகாமுக்குப் போய்விட்டு வந்து சொன்னாங்க: "சத்தத்துக்குப் பயப்படுவானான்னு கேட்டாக. எந்தச் சத்தத்துக்குன்னு நான் திருப்பிக் கேட்டேன். 'அதெல்லாம் வேணாம்மா, எப்பவுமா, சில சமயமா, அதை மட்டும் சொல்லுங்க'ன்னுட்டாக. சில சமயம்னு சொல்லிட்டு வந்தேன்."